கட்டைப்பைக்குள் நான்கு செல்போன்கள்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பவர்களுக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு. 2010-ல் திறந்த நூலகம். மேல் தளங்களுக்குப் போகிறவர்கள் நூல் தேடிப் போகிறார்கள். இங்கே வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, சுற்றிலும் படித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் என்று இருந்தால் போதும். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என ஆளுக்கொரு இலக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பாடப்புத்தகங்கள், ஓரம் மடங்கிய குறிப்பேடுகள், மஞ்சள் மார்க்கர், தண்ணீர் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வந்தால் இடம் கிடைப்பது கஷ்டம்.

என் எழுத்து வேலையை எடுத்துக்கொண்டு நான் அங்கே போவது உண்டு. யாரிடமும் பேசியதில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர்கூடத் தெரியாது. பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

நீள மேஜையின் கடைசியில் நான்கு பெண்கள் உட்காருவார்கள். ஒரே விடுதியில் தங்கியிருப்பவர்களாக இருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாக்கள் ஒரே மாதிரி. நால்வரில் மூத்தவளை மற்ற மூவரும் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் அந்த அக்கா ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றை விரித்துப் பிடிக்கிறாள். மூவரும் செல்போனை அதில் போடுகிறார்கள். தன்னுடையதையும் போட்டு, பையின் காதுகளை ஒரு முடிச்சுப் போட்டு, தன் நாற்காலிக்குக் கீழே தள்ளிவிடுகிறாள்.

“அக்கா, பதினொன்றரைக்கு டெலிகிராம்ல டெஸ்ட் லிங்க் போடுவாங்க.”

“பதினொன்றரைக்கு எடுத்துத் தரேன். இப்ப படி.”

இவ்வளவும் கிசுகிசுப்பாக. பிறகு நான்கு தலைகளும் குனிந்துவிடும்.

முதல் அரை மணி நேரம் நான் பார்ப்பது அவர்கள் கைகளைத்தான். கடைசியில் இருக்கும் ஒல்லியான பெண் ஒரு பத்தி படிப்பாள். வலது கை தானாக நகர்ந்து, குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வெறும் மேஜையைத் தொடும். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல, அந்தக் கை செல்போன் இருந்த இடத்தைத் தேடுகிறது. இல்லை என்று தெரிந்ததும் பேனாவை எடுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே தேடல். அவளுக்கு இது தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண் புத்தகத்தில்தான் இருக்கிறது. மணி பத்தரையைத் தாண்டும்போது கையும் அடங்கிவிடுகிறது. அதற்கப்புறம் அவள் பக்கம் திருப்பும் வேகமே வேறு.

செல்போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தால் போதாதா, எதற்காகப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட வேண்டும்? டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத் தொட்டது. செல்போனைச் சத்தமில்லாமல் கவிழ்த்து மேஜையில் வைத்திருந்தவர்கள், பக்கத்து அறையில் விட்டு வந்தவர்களைவிட நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். மணி அடிக்கவில்லை, திரை ஒளிரவில்லை, இருந்தும் அதை எடுக்காமல் இருப்பதற்கே மூளையில் ஒரு பங்கு செலவாகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பின்னால் இதே சோதனையைச் செய்து பார்த்த சிலருக்கு அதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஒல்லியான பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அக்காவின் முடிச்சில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

சுவரோரத்து மேஜையில் ஓர் இளைஞன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. சட்டைப்பையில் பட்டன் போன். அது அடித்தால் எழுந்து வேகமாக வெளியே போய்ப் பேசிவிட்டு வருவான். வெளியே டீ குடிக்கிற இடத்தில் ஒருநாள் அவன் எனக்குப் பக்கத்தில் நின்றான். கூட இருந்தவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“வாட்ஸப் கூட இல்லையா ப்ரோ?”

“ரூம்ல இன்னொரு போன் இருக்கு. ராத்திரி போய் பி.டி.எஃப். எல்லாம் எடுத்துக்குவேன். பகல்ல இதுதான்.”

“எப்படி ப்ரோ முடியுது?”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. டீயை ஒரு வாய் குடித்தான்.

“என் செட்டுல எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. ஒருத்தன் கார் எடுத்துட்டான். ஒருத்தன் துபாய்ல இருக்கான். நல்லவனுங்கதான், எனக்குன்னா ஓடி வருவானுங்க. ஆனா அவனுங்க ஸ்டேட்டஸ பாத்தா அன்னிக்கு படிப்பு ஓடாது ப்ரோ.”

அவன் சொன்னதில் பொறாமை இல்லை. குரலில் நண்பர்கள் மேல் கோபமும் இல்லை. இந்தத் தேர்வுகளின் கணக்கு தெரிந்தவர்களுக்கு அவன் நிலை புரியும். 2024-ல் நடந்த குரூப் 4 தேர்வை 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. 200 கேள்விகள், 3 மணி நேரம், 300 மதிப்பெண். ஓரிரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் போய்விடுவார்கள். அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் வயது ஏறுகிறது. ஊர்த் திருவிழாவுக்குப் போனால், “இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கியாப்பா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அது வருஷத்துக்கு ஒருமுறை. கையில் இருக்கும் திரை அதே கேள்வியைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கிறது. அதுவும் கேள்வியாகக் கேட்பதில்லை. நிச்சயதார்த்தப் படமாக, புது வீட்டுக் கிரகப்பிரவேசமாக, பயிற்சி மையத்தின் வாழ்த்துப் போஸ்டரில் மாலையோடு நிற்கும் பழைய வகுப்புத் தோழனாக வருகிறது.

மனிதன் தன்னைத் தெரிந்துகொள்ளப் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்கிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். அன்று ஒப்பிட்டுக்கொள்ளத் தெருவும் அலுவலகமும் உறவும் இருந்தன. அவர்களின் நல்ல நாளையும் பார்த்தோம், கடன்காரன் வாசலில் நின்ற நாளையும் பார்த்தோம். இன்ஸ்டாகிராமில் இரண்டாவது நாள் வருவதில்லை. துபாய் நண்பன் எட்டுப் பேர் தங்கும் அறையில் படுத்துக்கொண்டு தன் ஸ்டேட்டஸ் படத்தைப் போட்டிருக்கலாம். அது இவனுக்குத் தெரிய வழியில்லை. சமூக ஊடகம் மனத்தைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். எல்லோரையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை என்பது என் எண்ணம். யாருடைய வாழ்க்கை எங்கோ ஓரிடத்தில் நின்று காத்திருக்கிறதோ, அவர்களைத்தான் அது அதிகம் காயப்படுத்துகிறது. வேலை தேடுகிறவர்கள், குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள், நோயில் படுத்திருப்பவர்கள். பட்டன் போன்காரன் தன் காயம் எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்டான். எனக்கு அவன் மேல் பெரிய மரியாதை உண்டு.

தூணுக்குப் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். காதில் ஒயர் இல்லாத இயர்போன். அவன் கெட்டிக்காரன், கணக்குப் போடும்போது பென்சில் நிற்காமல் ஓடும். கணக்கு ஒன்று சிக்கிக்கொண்டால் செல்போனை எடுப்பான். யூடியூபில் அந்தக் கணக்கைத் தேடத்தான் எடுக்கிறான். தேடி, பார்த்து, புரிந்துகொண்டு தலையாட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு கட்டை விரல் இன்னொரு இடத்தைத் தொடும். விரல் மேலே, மேலே, மேலே. முகத்தில் சிரிப்பு வருவதில்லை. பார்ப்பது பிடித்திருக்கிறது என்பதற்கான எந்த அடையாளமும் இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் போன பிறகு தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். பிறகு சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பான். அந்தப் பார்வையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவன் முகம் அது. அவனோ எந்தத் தவறும் செய்யவில்லை.

அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். கீழே இழுத்துவிட்டால் புதிதாக ஏதாவது வந்து விழும் வசதியை உருவாக்கியவர் லோரன் பிரிக்டர். தாங்கள் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று இருவருமே பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார்கள். அதற்கும் வெகு காலம் முன்பே உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்துக் காட்டிய ஒன்று உண்டு. கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா பசிக்குக் கொத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாமல் வைத்தால் கொத்திக்கொண்டே இருக்கும். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாததுதான் அந்தப் பையனின் விரலை ஓட்டுகிறது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. அப்போது இந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். பள்ளியே செல்போனுக்குள் நடந்த காலம் அது. பாடமும் விளையாட்டும் நட்பும் ஒரே திரையில் இருக்கப் பழக்கிவிட்டு, இப்போது பிரித்துக்கொள் என்றால் அவன் எப்படிப் பிரிப்பான்?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், மனிதர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக அளந்திருக்கிறார். 2004-ல் சராசரியாக இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் 47 விநாடி அளவுக்கு வந்துவிட்டது. ஒரு கணக்கைப் போட்டு முடிக்க 47 விநாடி போதாது.

எனக்கு நேர் எதிரே சில நாள்களில் உட்காரும் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார். அவருடைய செல்போன் பைக்குள் போகாது. போகவும் முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து யாராவது அழைத்தால் எடுக்க வேண்டும். மேஜையில், கண்ணில் படும்படியே வைத்திருக்கிறார். ஒருமுறை திரை ஒளிர்ந்தபோது பார்த்தேன். நிறமே இல்லை, முழுக்கக் கறுப்பு வெள்ளை. நான்கைந்து சின்னங்கள் மட்டும். வாட்ஸப் இருந்தது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எதுவும் இல்லை. பள்ளி குரூப்பில் வந்த செய்தியைப் படித்தார், ‘சரி மிஸ்’ என்று தட்டினார், வைத்துவிட்டார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பிறகு அம்மாவிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ ஓர் அழைப்பு. எழுந்து வெளியே போகிறபோதே குரல் காதில் விழுந்தது.

“வாட்ஸப்ல அனுப்பாதீங்கம்மா, நான் பாக்க மாட்டேன். எதுவா இருந்தாலும் கூப்பிட்டே சொல்லுங்க.”

குறைப்பது என்றால் இப்படியும் குறைக்கலாம் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். செல்போனைத் தூக்கிப் போடும் வசதி எல்லோருக்கும் கிடையாது. வீட்டைச் சுமக்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அது கிடையவே கிடையாது. எதை எதை உள்ளே விடலாம் என்பதை மட்டும் அவர் தன் கையில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்துவைத்துத் தான் படிப்பதைத் தானே படமெடுக்கும் பெண்ணையும் அங்கே பார்க்கிறேன். இப்படிப்பட்ட வீடியோக்களுக்குப் பார்வையாளர் ஏராளம். பக்கத்தில் நூலகமோ தனியறையோ இல்லாத ஏதோ ஓர் ஊரில், ஒரு பெண் இந்த வீடியோவை ஓடவிட்டுத் துணைக்கு ஒருத்தி இருப்பதாக நினைத்துக்கொண்டு படிக்கக்கூடும். அது நல்லதுதான். ஆனால் படத்தைப் போட்ட பிறகு இந்தப் பெண் புத்தகத்துக்கும் திரைக்கும் நடுவில் படும் பாடு எனக்கு வருத்தமாக இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துப் பார்த்தே அவளுடைய மதியம் போய்விடுகிறது.

ஒரு மணிக்கு அக்கா பையை அவிழ்க்கிறாள். நால்வரும் வெளியே வந்து நிழல் பார்த்து உட்காருகிறார்கள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒருத்தியின் டப்பாவில் மட்டும் ஊரிலிருந்து வந்த கருவாட்டுத் தொக்கு. கருவாடு நான்கு டப்பாவுக்கும் பங்காகிறது. செல்போன்கள் கையில் வந்துவிட்டன. கொஞ்ச நேரம் நால்வரும் தனித்தனியாகக் குனிந்திருக்கிறார்கள். பிறகு ஒருத்தி, “இத பாருங்கடி” என்று திரையைத் திருப்புகிறாள். நான்கு தலைகள் ஒரு திரைக்கு மேல். சிரிப்பு வெடிக்கிறது. தூணோரப் பையன் பார்ப்பதும் அதே மாதிரி வீடியோக்கள்தான். அவன் முகத்தில் வராத சிரிப்பு இங்கே வருகிறது. கால் மணி நேரத்தில் செல்போன்கள் மறுபடியும் பைக்குள் போகின்றன. பிறகு பேச்சுதான். கட் ஆஃப் எவ்வளவு போகும், விடுதி வார்டன் எப்படித் திட்டினார், யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹண்ட் 2018-ல் வெளியிட்ட ஆய்வை இவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. 143 மாணவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முழுக்க விட்டவர்கள் இல்லை, குறைத்தவர்கள்தான். ஃபேஸ்புக்கை நான்கு வாரம் முற்றிலும் நிறுத்தியவர்களை வைத்து அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2018-ல் செய்த பெரிய சோதனை வேறொன்றையும் காட்டியது. நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் ஒரு பங்கு குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போனது. மனநிறைவு கூடியது, ஆனால் கொஞ்சம்தான். நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. தேர்வெழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய நஷ்டம். பட்டன் போன்காரன் அதற்கும் வழி வைத்திருக்கிறான். வந்தவுடன் அன்றைய நாளிதழ்களைப் படித்துக் குறிப்பெடுத்துவிட்டுத்தான் இருக்கைக்கு வருகிறான்.

மனநிறைவு கூடியது கொஞ்சம்தான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பற்றுப் போனவர்களுக்கு ஆப்பை நீக்குவது மருந்தாகாது. அவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். செல்போன், இணையப் பழக்கத்திலிருந்து மீள முடியாதவர்களுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மற்றவர்களுக்கு எது உதவுகிறது? அந்த மேஜைகளைப் பார்த்து எனக்கு ஒரு முடிவு உறுதிப்பட்டிருக்கிறது. தனியாக, தன் மன உறுதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் தூணோரப் பையன் தோற்றுக்கொண்டே இருக்கிறான். அவனைவிட அந்த நான்கு பெண்களும் உறுதியானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் ஓர் இடமும் ஒரு நேரமும் ஒருவருக்கொருவர் துணையும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் வட்காவ் என்ற கிராமம் 2022 ஆகஸ்டில் இதையே ஊர் முழுவதற்கும் செய்தது. மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். டிவியும் செல்போனும் அணைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். எட்டரைக்கு மறு சைரன். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அணைவதால் எந்தப் பிள்ளைக்கும் தான் மட்டும் எதையோ இழக்கிறோம் என்ற எண்ணம் வருவதில்லை.

இருட்டத் தொடங்கியதும் கூட்டம் கலைகிறது. இவர்களில் பலர் திரும்பிப் போகும் அறைகள் எனக்குத் தெரியும். ஆறு கட்டில், ஒரு விளக்கு, மேஜை கிடையாது. கட்டிலில் சாய்ந்தால் கைக்கு வரக்கூடியது செல்போன் ஒன்றுதான். சென்னையில் இருப்பவர்களுக்காவது இந்த நூலகம் இருக்கிறது, மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலை முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உசிலம்பட்டியிலும் செங்கத்திலும் இருக்கும் பிள்ளை எங்கே போகும்?

அங்கேயும் நூலகம் உண்டு. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. இன்று கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு அதில் பத்தில் ஒரு பங்கு நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்படுகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில், உங்கள் ஊர் நூலகத்தில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரு விளக்கும் பத்து நாற்காலிகளும், செல்போனைப் போட்டுவைக்க வாசலில் ஒரு பெட்டியும் கேளுங்கள். வாசகர் வட்டம் இருந்தால் அதில் பேசுங்கள், இல்லையென்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு நேராக மனு எழுதுங்கள். மனுவில் உங்கள் வீட்டுப் பிள்ளையையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.